வங்கியின் மாடியில் யார் குடியிருந்தார்?

போன இதழில் பிரிட்டனின் ஐந்து பெரிய வங்கிகளைப் பற்றி எழுதியபோது, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அங்கே பல ஊர்களில் வங்கிக் கிளைதான் கடைத்தெருவின் வீட்டுக்காரராகவும் இருந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. வங்கியைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம், வாடகையைப் பற்றிக் கேட்டவர்கள் மிச்சம் எல்லோரும். வாடகைக்குக் குடியிருக்காதவர் யார்? சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: கடன் கொடுத்து வட்டி வாங்குவதுதானே வங்கியின் தொழில்? வாடகைக்கு விடுகிற வேலையை ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்? வேண்டாத கட்டடத்தை விற்றிருக்கலாமே?
(வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்)

பதில்: அவர்கள் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை ஐயா, தானாக வந்து தலையில் விழுந்தது. 1918 வாக்கில் பெரிய இணைப்புகள் எல்லாம் முடிந்து பார்க்லேஸ், லாய்ட்ஸ், மிட்லண்ட், நேஷனல் ப்ராவின்ஷியல், வெஸ்ட்மின்ஸ்டர் என்று ஐந்து பேர் நின்றார்கள். (பெயர்கள் நான் எழுதியிருக்கிற வடிவத்துக்குச் சுருங்கியது 1920களில், அதற்கு முன் விழுங்கிய வங்கியின் பெயரையும் சேர்த்து நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.) உள்ளூர் வங்கிகளை விழுங்கினால் அவற்றின் கட்டடங்களும் கூடவே வருமே. ஒரே கடைத்தெருவில், நாலு கடை தள்ளி, ஒரே வங்கிக்கு இரண்டு கிளைகள். ஒன்றை மூடினார்கள். மூடிய கட்டடம் எங்கே போகும்? சிலவற்றை விற்றார்கள், சிலவற்றைக் கடைக்கோ அலுவலகத்துக்கோ வாடகைக்கு விட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வங்கிக்குத் தெருமுனை இடம் வேண்டும், நிமிர்ந்து பார்க்கிற மாதிரி முகப்பு வேண்டும். ஆனால் அதற்குத் தேவைப்படுவது தரைத்தளமும், இரும்புப் பெட்டக அறை இருக்கிற நிலவறையும்தான். மேலே இரண்டு மூன்று மாடி சும்மா நிற்கிறது. வக்கீல், பல் டாக்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று குடிவைத்தார்கள், பக்கவாட்டில் தனிக் கதவு, தனிப் படிக்கட்டு வைத்து. மேலே பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் பணம் எண்ணுகிற கூடத்தின் வழியாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதை எந்த மேனேஜரும் விரும்பமாட்டார்.

விற்றுவிடலாமே என்று கேட்டீர்கள். நீங்களே வங்கியில் இருந்தவர், பெட்டக அறைக்குப் பக்கத்துச் சுவர் யாருடையது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாதா? விற்றுவிட்டால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் வருவார் என்பது நம் கையில் இல்லை. வாடகைக்கு விட்டால் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், நாளைக்கு வியாபாரம் பெருகினால் காலி செய்யச் சொல்லி நாமே எடுத்துக்கொள்ளலாம் (எவ்வளவு சுலபமாகக் காலி செய்ய முடிந்தது என்பது வேறு கதை, கீழே வருகிறது). தவிர, அந்த வங்கிகளுக்குக் கட்டட மதிப்பைக் கணக்கில் வருஷா வருஷம் குறைத்து எழுதுகிற பழக்கம் இருந்தது. புத்தகத்தில் கொஞ்சம், நிஜத்தில் அதிகம். அப்படி ஒளிந்திருக்கிற மதிப்பை விற்று வெளியே காட்ட வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை.

1930களில் புறநகர்களில் புது வீடுகள் முளைத்துக் கூடவே கடை வரிசைகளும் வந்தபோது நிலைமை தலைகீழாகவும் ஆனது. வரிசையின் முனைக்கடையை வங்கி லீசுக்கு எடுத்தது. அங்கே வங்கியே குடித்தனக்காரர்.

கேள்வி: மேனேஜர் பல இடங்களில் வங்கி மாடியிலேயே குடியிருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் வாடகை கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால் அது சம்பளத்தில் சேர்த்தி இல்லையா, அதற்கு வருமான வரி கிடையாதா?
(வரிக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே ஒரு வழக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது அம்மா. ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸ் என்ற ஊரில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஏஜென்ட் (அந்தக் காலத்தில் அங்கே மேனேஜரை அப்படித்தான் சொன்னார்கள்) வங்கி வீட்டில் குடியிருந்தார். குடியிருந்தார் என்பதைவிடக் குடியிருக்க வைக்கப்பட்டார் என்பது சரி. கட்டடத்துக்குக் காவலாக அங்கேதான் இருக்க வேண்டும், அறையை வேறு யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது, அங்கே வேறு தொழில் பார்க்கக் கூடாது. அவருடைய வருமானம் 400 பவுண்டுக்குள் இருந்தால் வரியில் ஒரு கழிவு உண்டு. கையில் வருவது 400-க்கு உள்ளேதான். வீட்டுக்கு ஆண்டு மதிப்பு 50 பவுண்டு என்று வரி அதிகாரி சேர்த்துப் பார்த்தார், 400-ஐத் தாண்டிவிட்டது.

1892-ல் தீர்ப்பு: சேர்க்கக் கூடாது. அந்த வீட்டை அவரால் காசாக்க முடியாது, அதனால் அது வருமானம் இல்லை. தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவரான மக்நாட்டன் பிரபு சொன்னதன் சாரம், பைக்குள் வருவதற்குத்தான் வரி, பையிலிருந்து போகாமல் மிச்சமாவதற்கு வரி கிடையாது. இடைப்போர்க் காலம் முழுவதும் வங்கி மேனேஜர்கள் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் சுகமாகக் குடியிருந்தார்கள்.

வழக்குப் போட்ட ஏஜென்டின் பெயர் டென்னன்ட். ஆங்கிலத்தில் குடித்தனக்காரரைக் குறிக்கிற சொல்லுக்கும் இதற்கும் காதில் வித்தியாசம் தெரியாது. நான் கட்டிவிட்ட கதை இல்லை, வழக்கின் பெயரே 'டென்னன்ட் எதிர் ஸ்மித்'.

ஆனால் சுகத்துக்கு ஒரு விலை இருந்தது. டென்னன்ட் என்று பெயர் இருக்கலாம், சட்டப்படி அவர் குடித்தனக்காரர் இல்லை. வேலைக்காக அங்கே இருக்கிற ஊழியர், அவ்வளவுதான். வேலை போனால், மாற்றல் வந்தால், ஓய்வு பெற்றால், வீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், வாடகைச் சட்டம் அவருக்குத் துணைக்கு வராது. மேல்மாடியில் குடியிருந்த பியூனுக்கும் காவல்காரருக்கும் இதே கதிதான். ஊர்ப் பெரிய மனிதர், தெருவிலேயே பெரிய கட்டடத்தின் மாடியில் இருப்பவர், ஆனால் பக்கத்து வீட்டுத் தையற்காரருக்கு இருந்த பாதுகாப்புகூட இவருக்கு இல்லை. ஓய்வு பெறுகிற வயதில் முதல்முறையாக வீடு தேடி அலைந்த மேனேஜர்களை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: வங்கி நினைத்தபடி வாடகையை ஏற்ற முடிந்ததா?
(வாடகை வீட்டில் இருக்கும் வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: முடியவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

1915-ல் போருக்கு நடுவே கிளாஸ்கோவில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். பெண்கள் வாடகை தரமாட்டோம் என்று நின்றார்கள், மேரி பார்பர் முன்னால் நின்றார். அந்த ஆண்டே சட்டம் வந்தது: சிறு வீடுகளுக்குப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்ட் வாடகைதான், அதற்கு மேல் கிடையாது. போர் முடிந்ததும் போய்விடும் என்று நினைத்த சட்டம் போகவில்லை, பெருத்தது. 1920 சட்டத்தில் லண்டனில் ஆண்டு வாடகையோ வரி மதிப்போ (உள்ளூர் வரி போடுவதற்காகக் கட்டடத்துக்குக் கணிக்கிற ஆண்டு மதிப்பு) 105 பவுண்டுக்குள், ஸ்காட்லாந்தில் 90, மற்ற இடங்களில் 78 என்று வரம்பு உயர்ந்தது. அதாவது நடுத்தரக் குடும்பத்து வீடுகளும் உள்ளே வந்துவிட்டன, வங்கிக் கட்டடத்தில் தனியாக வாடகைக்கு விட்ட மாடி வீடும் உள்ளேதான்.

பழைய வாடகைக்கு மேல் 15 சதவீதம் ஏற்றலாம், மராமத்து முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு என்றால் அதற்காக இன்னும் 25 சதவீதம். ஆக மொத்தம் 40. அதிலும் குடித்தனக்காரர் கையில் ஒரு துருப்புச் சீட்டு கொடுத்திருந்தார்கள். வீடு ஒழுகுகிறது, மராமத்துச் செய்யவில்லை என்றால், உள்ளூர் சுகாதார அதிகாரிகளிடம் 1 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) கட்டி ஒரு சான்றிதழ் வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு ஏற்றிய வாடகையைத் தராமல் நிறுத்தலாம். சாதாரண வீட்டுக்காரர் இதற்கு அசைந்து கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஊர் முழுக்கப் பார்க்கிற வங்கி, 'குடியிருக்க லாயக்கில்லை' என்கிற மாதிரி ஒரு காகிதத்தைத் தன் கட்டடத்தின் மேல் வாங்கிக்கொள்ள முடியுமா?

கடைகள் விஷயம் வேறு. 1920 சட்டம் வியாபார இடங்களையும் கொஞ்ச காலம் பாதுகாத்தது, 1921 ஜூன் 24 வரை. அதற்குப் பிறகு கடைக்காரர் அம்போ. ஆனால் ஒரு வேடிக்கை: வீட்டின் ஒரு பகுதி கடையாக இருப்பதால் மட்டும் அது வீடு இல்லை என்று ஆகிவிடாது என்று அதே சட்டம் சொல்லியிருந்தது. கீழே கடை, மேலே தானும் குடும்பமும் என்று ஒரே லீசில் எடுத்தவருக்குப் பாதுகாப்பு தொடர்ந்தது. கடையை மட்டும் எடுத்தவருக்கு இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கடை, ஒரே வீட்டுக்காரர், இரண்டு நியாயம். இதைக் குடித்தனக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர் பாவம் அந்த மேனேஜர்.

1923-ல் இன்னொரு திருப்பம். வீடு காலியாகி வீட்டுக்காரர் கைக்கு வந்தால் கட்டுப்பாடு விட்டுப்போகும். அன்றிலிருந்து எல்லா வீட்டுக்காரர்களும் யார் எப்போது காலி செய்வார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், குடித்தனக்காரர்கள் நகர மறுத்தார்கள். 1933-ல் வீடுகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் வரி மதிப்பு 35 பவுண்டுக்கு மேல் என்றால் உடனே விடுதலை, 13 பவுண்டுக்குள் என்றால் கட்டுப்பாடு அப்படியே, நடுவில் இருப்பவை காலியானால் விடுதலை. ஆறு வருஷம் கழித்து அடுத்த போர் வந்தது, 1939 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுவே என்று மறுபடியும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: குடித்தனக்காரருக்கும் அதே கிளையில்தானே கணக்கு இருந்திருக்கும்? வாடகை பாக்கி வைத்தால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எடுத்துக்கொண்டிருப்பார்களே?
(கல்லூரி மாணவர்)

பதில்: பார்த்திருப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். எடுத்துக்கொள்வதுதான் கஷ்டம். கணக்கு வைத்திருப்பவர் எழுத்தில் உத்தரவு கொடுத்தால் ஒவ்வொரு காலாண்டும் வாடகையைக் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளலாம், ஒழுங்கான மேனேஜர் குடிவைக்கும்போதே அதில் கையெழுத்து வாங்கிவிடுவார். உத்தரவு இல்லாமல் கை வைப்பது வம்பு.

தெரிந்ததை வெளியே சொல்வது அதைவிடப் பெரிய வம்பு. டூர்னியர் என்பவர் தன் கணக்கில் இருந்ததைவிடக் கூடுதலாக எடுத்திருந்தார் (10 பவுண்டுக்கும் குறைவுதான்), வாரம் 1 பவுண்டு கட்டுவதாக ஒப்புக்கொண்டு நடுவில் விட்டுவிட்டார். மேனேஜர் அவருடைய முதலாளிக்கு டெலிபோன் செய்து முகவரி கேட்கிற சாக்கில், ஆள் பந்தயம் கட்டுகிறார் போலிருக்கிறது என்றும் சொல்லிவைத்தார். வேலை நீடிக்கவில்லை. 1924 தீர்ப்புத் தொகுப்பில் வந்த இந்த வழக்கில்தான், வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பது வங்கியின் கடமை என்று அப்பீல் கோர்ட் உறுதியாகச் சொன்னது. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொது நலன் கேட்டால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால் என்று நாலு விலக்குகள். மாடி வக்கீலின் கணக்கு வறண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவர் ஏன் வாடகை தரவில்லை என்று கிளப்பில் பேசுவது இந்த நாலில் எதிலும் சேராது.

ஜப்தி? அப்போதைய ஆங்கிலச் சட்டத்தில் கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சாமான்களை ஜப்தி செய்யலாம். சூரியன் உதித்த பிறகு, மறைவதற்கு முன். தெருக்கதவை உடைக்கக் கூடாது. துணிமணி, படுக்கை, தொழிற்கருவிகளில் 5 பவுண்டு மதிப்புக்குத் தொடக் கூடாது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடு என்றால் 1920-க்குப் பிறகு கோர்ட் அனுமதி வேண்டும். ஆனால் சட்டம் இடம் கொடுத்தாலும், வங்கி வாசலில் ஒரு டாக்டரின் நாற்காலி மேசையைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற காட்சியைக் கற்பனை செய்யுங்கள். அந்த டாக்டரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் எல்லோரும் எதிர் வங்கிக்குக் கணக்கை மாற்றிவிடுவார்கள். என் கணிப்பு, வங்கியைப் போல நாசூக்காகப் பாக்கி கேட்ட வீட்டுக்காரர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது, அதற்குக் கருணை காரணம் இல்லை.

கேள்வி: காலாண்டு வாடகை என்கிறீர்கள். மார்ச் 31, ஜூன் 30 என்று கணக்கா?
(கணக்கு ஆசிரியை)

பதில்: இல்லை, மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. எல்லாம் தேவாலயப் பண்டிகை நாட்கள். கிறிஸ்துமஸ் அன்று வாடகை கெடு வைத்தவன் நிச்சயம் வீட்டுக்காரனாகத்தான் இருப்பான். ஸ்காட்லாந்தில் கெடு நாட்கள் வேறு.

கேள்வி: பக்கத்துக் கடையைக் காலி செய்து கிளையைப் பெரிதாக்க நினைத்தால் வங்கியைத் தடுக்க ஏதாவது இருந்ததா?
(கடை வைத்திருக்கும் வாசகர்)

பதில்: 1927 வரை ஒப்பந்தம் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது, 1928 மார்ச் 25 முதல் நடைமுறை. (மறுபடி மார்ச் 25, பார்த்தீர்களா.) ஐந்து வருஷமாவது அங்கே வியாபாரம் நடந்திருந்து, அந்த வியாபாரத்தால் இடத்துக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு, அதனால் வீட்டுக்காரர் கூடுதல் வாடகைக்கு விட முடிகிறது என்றால், கடைக்காரர் நஷ்டஈடு கேட்கலாம். கடையில் தான் செய்த மேம்பாடுகளுக்கும் கேட்கலாம். நஷ்டஈடு போதாது என்றால் 14 ஆண்டு வரை புது லீஸ் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால், இடம் எனக்கே வேண்டும் என்றோ இடித்துக் கட்டப்போகிறேன் என்றோ வீட்டுக்காரர் காட்டிவிட்டால் புது லீஸ் கிடையாது. வங்கிக்கு அந்த வாசல் திறந்தே இருந்தது. மாடியில் இருந்த வக்கீல், டாக்டருக்கு மேம்பாட்டுக்கு மட்டும்தான் கேட்க உரிமை, பெயருக்கு இல்லை. அவர்கள் பெயர் இடத்தோடு ஒட்டாது, ஆளோடு போகும் என்று நினைத்தார்கள் போல.

இதே சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. லீஸ் முடிந்து போகும்போது, வர்ணம் போயிருக்கிறது, காரை பெயர்ந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக் குடித்தனக்காரரிடம் பணம் கறப்பது அந்தக் கால வழக்கம். வெளிப்பக்கம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, உள்பக்கம் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வர்ணம் அடிக்க வேண்டும் என்பது லீஸ்களில் வாடிக்கையாக வருகிற வாசகம். 1927 சட்டம் இதற்கு வரம்பு கட்டியது: கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் கேட்கக் கூடாது, எப்படியும் இடிக்கப்போகிற இடம் என்றால் ஒன்றும் கேட்கக் கூடாது. பக்கத்துக் கடையை இடித்துக் கவுன்டரை நீட்டப் போகிற வங்கி, போகிற கடைக்காரரிடம் வர்ணத்துக்குக் காசு கேட்க முடியாமல் போனது.

கேள்வி: பழைய வாடகை ரசீதுகளில் ஒரு காலாண்டு மட்டும் வாடகை பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்தேன். தள்ளுபடியா?
(பழைய காகிதங்கள் சேர்க்கும் வாசகர்)

பதில்: தள்ளுபடி இல்லை, பெரும்பாலும் வரியாக இருக்கும். நிலம், கட்டட வருமானத்துக்கான வருமான வரியை (அட்டவணை 'ஏ' என்பார்கள்) அரசு குடியிருப்பவரிடம் வசூலித்தது, அவர் அதை அடுத்த வாடகையில் கழித்துக்கொண்டார். 1920களின் பின்பாதியில் பவுண்டுக்கு 4 ஷில்லிங் வரி. வரிக்கான ஆண்டு மதிப்பு 40 பவுண்டு என்றால் வரி 8 பவுண்டு, காலாண்டு வாடகை 15 என்றால் அந்த முறை கையில் வருவது 7. 1931-ல் வரி 5 ஷில்லிங் ஆனதும் கழிவும் பெருகியது.

கேள்வி: 1930 வாக்கில் ஓர் ஆங்கிலச் சிற்றூர் வங்கி மேனேஜரைப் பாத்திரமாக வைத்துக் கதை எழுதுகிறேன். வாடகை விஷயமாக ஒரு நாளில் அவருக்கு என்னென்ன தலைவலி வரும்?
(எழுத முயலும் வாசகி)

பதில்: 1930 செப்டம்பர் 29-ஐ வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை, வாடகை நாள். பத்து மணிக்குக் கதவு திறப்பதற்கு முன்பே மேல்மாடிக்காரர் வந்து புகைபோக்கி புகைகிறது என்பார். சரி செய்ய எத்தனை பவுண்டு ஆகும் என்று கொத்தனாரிடம் எழுதி வாங்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆயிரம் பவுண்டு கடனுக்குச் சிபாரிசு செய்கிறவருக்குப் புகைபோக்கியைச் சொந்தமாக முடிவு செய்ய முடியாது என்பதில் உங்களுக்கு ஒரு நல்ல காட்சி இருக்கிறது. அப்புறம் பக்கத்துக் கடைக்காரர், வியாபாரத்தை மைத்துனருக்குக் கொடுக்கிறேன், லீசை மாற்றிக் கொடுங்கள் என்பார். சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று லீசில் இருந்தாலும், நியாயமான காரணம் இல்லாமல் சம்மதத்தை மறுக்கக் கூடாது என்று 1927 சட்டம் சொல்லிவிட்டது. மைத்துனரின் கணக்கு எப்படி இருக்கிறது என்று மேனேஜருக்குத் தெரியும், ஆனால் அதைக் காரணமாக வாய்விட்டுச் சொல்ல முடியாது. மூன்று மணிக்குக் கதவை மூடிவிட்டு ரசீதுகளைக் கட்டி, யார் வரவில்லை என்று பார்ப்பார். வராதவர் தேவாலயத்தில் இவருக்கு முன்வரிசையில் உட்காருபவராக இருக்கட்டும்.

சாயங்காலம் படியேறி வீட்டுக்குப் போவார். அங்கே மட்டும் கொஞ்சம் கவனம்: அவரைக் குடித்தனக்காரர் என்று எழுதிவிடாதீர்கள், சட்டம் தெரிந்த வாசகர் யாராவது எனக்குக் கடிதம் போடுவார். பாத்திரத்துக்கு டென்னன்ட் என்று பெயர் வைத்தால் தப்பித்துக்கொள்ளலாம்.